சாய்வு சைக்கிள் எங்கே இழுக்கிறது

எல்லோருக்கும் வணக்கம். எப்படி இருக்கிறீர்கள்? முதுகு, முழங்கால், சர்க்கரை எல்லாம் சொன்னபடி கேட்கிறதா? பங்குனியிலேயே வெயில் இப்படி அடிக்கிறது, மோராவது குடித்துக்கொண்டிருங்கள்.

மூன்று மாதமாக நான் இங்கே எதுவும் எழுதவில்லை. சிலர் என்ன ஆயிற்று என்று விசாரித்திருந்தீர்கள். என் மகன் பரிதி தை மாதம் மஸ்கட்டில் இறந்துவிட்டான். முப்பத்தொன்பது வயது. காலையில் வேலைக்குப் போக அறையில் இருந்தவர்கள் எழுப்பியிருக்கிறார்கள், எழுந்திருக்கவில்லை. ஒன்பதாம் நாள் திருச்சிக்கு விமானத்தில் வந்தான். அதைப் பற்றி எழுத எனக்கு ஒன்றும் இல்லை. நான் இப்போது எழுத உட்கார்ந்தது ஒரு சைக்கிளைப் பற்றி.

பரிதி அங்கே ஒரு சைக்கிள் கடையில் வேலை பார்த்தான். போன கார்த்திகையில் ஒருநாள் போன் செய்து, அப்பாவைச் சுவரோடு ஒட்டி நிற்க வைத்துக் கால் உயரத்தை அளந்து சொல் என்றான். என்னிடம் தையல் டேப் இருந்தது. முப்பத்தொன்று அங்குலம். எதற்கு என்று கேட்டதற்கு, சாய்ந்துகொண்டே ஓட்டுகிற சைக்கிள் ஒன்று கடைக்கு வந்திருக்கிறது, யாரோ சொல்லி வைத்துவிட்டு வாங்கவில்லை, அப்பாவுக்கு அனுப்பப் போகிறேன் என்றான். மார்கழியில் கப்பல் கார்கோவில் போட்டுவிட்டான். பெட்டி வந்தால் பிரிக்க வேண்டாம், வீடியோவில் நான் சொல்லச் சொல்ல மாட்டலாம் என்று சொல்லியிருந்தான்.

என் வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். இராஜாங்கம் என்றால் எங்கள் பக்கம் பாதிப் பேருக்குத் தெரியாது, லஸ்கர் என்றால்தான் தெரியும். ஆற்று மதகையும் வாய்க்கால் ஷட்டரையும் திறந்து மூடி, கடைசி வயல் வரைக்கும் தண்ணீர் போகிறதா என்று பார்க்கிற சர்க்கார் வேலை. முப்பத்துநான்கு வருடம் குடவாசலுக்கும் வலங்கைமானுக்கும் நடுவில் கரை கரையாகச் சைக்கிள் மிதித்தவர். இரண்டு வருடத்துக்கு முன்னால் தஞ்சாவூரில் முதுகில் ஆபரேஷன் நடந்தது. வலி போனது, கூடவே இரண்டு பாதத்தின் உணர்ச்சியும் போய்விட்டது. கால் மடங்கும், நீளும், நாலு எட்டு நடக்கும். ஆனால் செருப்பு கழன்று விழுந்தால் திரும்பிப் பார்த்தால்தான் அவருக்குத் தெரியும். பஞ்சு மேல் நிற்கிற மாதிரி இருக்கிறது என்பார். நிமிர்ந்து பத்து நிமிடம் உட்கார முடியாது, அதனால் பஸ், ஆட்டோ, மோட்டார் சைக்கிள் பின்சீட்டு எதுவும் ஆகாது. சாய்ந்தால் ஒன்றும் இல்லை. இரண்டு வருடமாக ஈசி சேரில்தான் இருந்தார். தை மாதத்துக்குப் பிறகு அந்த ஈசி சேரையும் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

பரிதி போன ஐம்பத்தெட்டாம் நாள் பெட்டி வந்தது. இரண்டு ஆட்கள் வேனில் கொண்டுவந்து இறக்கினார்கள். அனுப்பினவர் நம்பருக்குப் போன் போட்டோம், போகவே இல்லை, வேறு நம்பர் இருந்தால் கொடுங்கள் என்று அதில் ஒருவர் கேட்டார். இல்லை என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். பெட்டிக்குள் சைக்கிளைச் சுற்றி இரண்டு போர்வை, கோடாலித் தைலம், பால் பவுடர் டின் நான்கு. எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. டின்னைத் திருப்பிக் காலாவதித் தேதியைப் பார்த்தேன். இன்னும் ஒரு வருடம் இருந்தது.

சரி, சைக்கிள். முன்னால் இரண்டு சக்கரம், பின்னால் ஒன்று. நடுவில் வலைத்துணி இழுத்துக் கட்டிய சாய்வு இருக்கை. உட்கார்ந்தால் தரைக்கும் நமக்கும் ஒரு முழம்கூட இருக்காது. காலை நேராக நீட்டினால் அந்த நுனியில் பெடல். கைப்பிடி இடுப்புக்கு இரண்டு பக்கமும். செயின் இருக்கிறதே, அது சாதாரணச் சைக்கிள் செயினைப் போல் மூன்று மடங்கு நீளம். முன்னால் பெடலில் தொடங்கி இருக்கைக்கு அடியிலேயே நெடுகப் பின்சக்கரம் வரைக்கும் போய்த் திரும்புகிறது. காலில், துணியில் படாமல் இருக்கப் பாதித் தூரம் ஒரு கறுப்பு பிளாஸ்டிக் குழாய்க்குள் நுழைந்து போகிறது. தரையிலிருந்து நாலு விரல் உயரம்தான்.

சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. கூட வந்த புத்தகத்தில் எழுத்து புரியவில்லை, படம் புரிந்தது. நான் படத்தைப் பார்த்துச் சொல்ல, அவர் ஈசி சேரில் சாய்ந்தபடியே ஸ்பேனரைப் பிடித்து முறுக்கினார். பெடல் இருக்கிற முன்குழாயை நீட்டி வைக்க வேண்டிய இடத்தில் பரிதி வெள்ளைப் பெயின்ட்டால் ஒரு கோடு போட்டிருந்தான், முப்பத்தொன்று அங்குலத்துக்கு. இடது முன்சக்கரத்தின் பிரேக் தகடு கப்பலில் நசுங்கியிருந்தது, உரசிக்கொண்டே சுற்றியது. அதை நிமிர்த்த ஒரு மத்தியானம் போனது. இரண்டு நாளில் பூட்டி முடித்தோம். அவர் அந்த இரண்டு நாளும் பேசினார். ஸ்பேனர் எடு, பன்னிரண்டாம் நம்பர் எடு, பிடித்துக்கொள் என்றுதான். எனக்கு அது போதுமாக இருந்தது.

வண்டி கூடத்தில் நின்றது. அங்கேதான் தை மாதம் பரிதியைக் கிடத்தியிருந்தோம், அந்தத் தூணுக்கும் டிவிக்கும் நடுவில். வேறு இடம் இல்லை என்று வைத்தோமே தவிர, வைத்த பிறகுதான் எனக்கே உறைத்தது. மருமகள் செவ்வந்தி அடுக்களைக்குப் போக வேண்டுமானால் கூடத்தைத் தாண்ட வேண்டும். அவள் கொல்லை வழியாகச் சுற்றிப் போக ஆரம்பித்தாள். மூன்றாம் நாள் என்னிடம் வந்து, மயிலாடுதுறையில் இருக்கிற தன் அண்ணன் இளவழகனிடம் சொல்லிவிட்டதாகச் சொன்னாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவன் தன் குட்டியானை லோடு வண்டியைக் கொண்டுவந்து சைக்கிளை ஏற்றிக்கொண்டு போய்விடுவான். யாருக்காவது கொடுத்துக்கொள்ளட்டும்.

கொட்டகையில் தள்ளி வைக்கலாமே என்றேன்.

"கொட்டாயில வச்சாலும் அது நிக்கிறது தெரியும் அத்தை. ஓடுனா அது மாமாவோட சைக்கிளு. சும்மா நின்னா, அவரு அனுப்புன பொட்டி. என்னால முடியல."

அவள் அழவில்லை. கேஸ் தீர்ந்துவிட்டது, புக் பண்ண வேண்டும் என்று சொல்கிற மாதிரித்தான் சொன்னாள். எங்கள் வீட்டில் அப்போது எல்லோரும் அப்படித்தான் பேசினோம். என் பேத்திகூட, இரண்டாம் வகுப்புப் படிக்கிறாள், பள்ளிக்கூடத்தில் என்ன நடந்தது என்று கேட்டால் ஒன்றும் இல்லை என்பாள்.

அவர் ஈசி சேரில் இருந்தபடி இதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, ஞாயிற்றுக்கிழமைக்குள் ஓட்டிவிடுகிறேன் என்றார். ஓட்டினால் எங்கே போவீர்கள் என்று கேட்டேன். வாய்க்கால் ஆற்றிலிருந்து பிரிகிற தலைப்புப் பாலம் வரைக்கும் போய்வர வேண்டும் என்றார். எங்கள் வீட்டிலிருந்து மூன்று கிலோமீட்டர். அவர் தெருமுனையைப் பார்த்தே இரண்டு வருடம்.

திங்கட்கிழமை காலையில் எடுத்தார். பெடலிலிருந்து பாதம் நழுவாமல் இருக்கப் பரிதி பட்டை வைத்து அனுப்பியிருந்தான், அதைக் குனிந்து நான் மாட்டிவிட்டேன். எங்கள் தெரு சிமென்ட் ரோடு. அதில் அருமையாகப் போனார். தெரு திரும்பித் தார் ரோட்டில் ஏறினார். நான் பின்னாலேயே நடந்தேன். ஊர்க் கிணறு தாண்டி, ரைஸ் மில் தாண்டி, பெரிய புளியமரத்துக்குக் கொஞ்சம் முன்னால் கடகடவென்று சத்தம். பெடல் பூட்டிக்கொண்டது. செயின் முன்பல்லிலிருந்து கழன்று பாம்பு மாதிரி தொங்கியது. ரைஸ் மில் ஆட்கள் இரண்டு பேர் அவரையும் வண்டியையும் சேர்த்தே தள்ளிக்கொண்டு வந்து வீட்டில் விட்டார்கள்.

வலங்கைமானில் குஞ்சிதபாதம் என்று ஒருவர் சைக்கிள் கடை வைத்திருக்கிறார். இவர் கரையில் ஓட்டிய சைக்கிளுக்கெல்லாம் அவர்தான் டாக்டர். செவ்வாய்க்கிழமை பையோடு வந்து கூடத்தில் நின்று ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார்.

"என்ன லஸ்கரண்ணே, ஈசி சேருக்கே வீல் மாட்டிட்டீங்களா?"

"நீ செயினப் பாரு குஞ்சு."

குஞ்சிதபாதம் பார்த்தார். முன்பக்கம் செயின் தொய்ந்து தொங்கியது. மூன்று சைக்கிள் செயினை ஒன்றாகக் கோத்து வைத்திருக்கிறான், நீளம் அதிகம், அதனால்தான் கழல்கிறது என்றார். செயினில் ஆறு கண்ணியைக் கழற்றிவிட்டு மறுபடி கோத்தார். பெடலைக் கையால் சுற்றிப் பார்த்து, கொஞ்சம் இறுக்கமாக இருக்கிறது, புதுசு அப்படித்தான் இருக்கும் என்றார். கழற்றிய கண்ணிகளை இவர் கையில் வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பரிதி அளந்து கோத்தது என்று சொல்வார் என்று நினைத்தேன். சொல்லவில்லை.

தெருவில் ஐந்து சுற்று ஓட்டினார். ஒரு சத்தம் இல்லை. புதன்கிழமை தார் ரோட்டுக்குப் போனார். இந்தத் தடவை புளியமரம்கூட வரவில்லை, ரைஸ் மில் வாசலிலேயே பூட்டிக்கொண்டது. செயின் நீளம் குறைந்திருந்ததால் பின்சக்கரத்தில் கியர் மாற்றுகிற இரும்புக் கை, கயிறு மாதிரி இழுபட்டு நின்றது. ஒடிந்துவிடுமோ என்று எனக்கு பயம். அதே இரண்டு ஆட்கள் தள்ளிக்கொண்டு வந்தார்கள்.

வியாழக்கிழமை குஞ்சிதபாதம் திரும்ப வந்தார். அவருக்கே கூச்சமாக இருந்தது. ஆறு கண்ணியையும் திரும்பக் கோத்தார். செயின் முழுவதையும் குழாயோடு கழற்றி, மண்ணெண்ணெயில் ஊறப்போட்டுக் கழுவினார். கறுப்பாகக் கூழ் மாதிரி வழிந்தது. கம்பெனி கிரீஸ் சரியில்லை என்று சொல்லி அதைக் கொல்லையில் கொட்டினார். நானும் பார்த்தேன். நானும் கிரீஸ் என்றுதான் நினைத்தேன்.

மாட்டி முடித்ததும் என் வீட்டுக்காரர் ஓட்டிப் பார்க்கவில்லை. ஈசி சேரைச் சுவர்ப் பக்கம் திருப்பச் சொன்னார். குஞ்சிதபாதம் போன பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"சைக்கிள் மேல தப்பு இல்ல. எனக்குக் காலுல வலு இல்ல. போகப் போக வண்டி மெதுவாயிட்டே வந்துது, நம்ம காலு அவ்வளவுதான்னு மிதிச்சேன். அவன் என்ன பண்ணுவான், அளவுதான் குடுத்தோம், வலு குடுக்கலையே. இளவழகன நாளைக்கே வரச் சொல்லிடு."

நான் சரி என்றேன். போனை எடுத்து வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தேன். நம்பர் எடுத்தேன், அழுத்தவில்லை. வேண்டும் என்று செய்யாமல் இருந்தேன் என்று சொல்ல மாட்டேன். அந்த நாட்களில் ஒரு காரியத்தைத் தொடங்கினால் பாதியில் கை நின்றுவிடும். அரிசி களைய உட்கார்ந்தால் தண்ணீரில் கையை வைத்தபடியே இருப்பேன். அது மாதிரித்தான்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அவருக்குச் சோறு வைக்கும்போது, வாய் சும்மா இருக்காதே, ஏதோ பேசிக்கொண்டிருந்தேன். புதன்கிழமை வண்டி வந்ததும் சேலை முந்தானையால் தூசி துடைத்தேன், அப்போது பெடலைக் கையால் சுற்றினால் அம்மிக் குழவியைத் தள்ளுகிற மாதிரி கனத்தது, குஞ்சிதபாதம் கழுவிய பிறகு இப்போது லேசாகச் சுற்றுகிறது, பரவாயில்லை கழுவத் தெரிந்தவர்தான் என்று சொன்னேன்.

அவர் சாப்பாட்டுத் தட்டைக் கீழே வைத்தார்.

கையால் சுற்றும்போதும் கனத்ததா என்று கேட்டார். ஆமாம் என்றேன். செயின் எங்கே தொய்ந்திருந்தது என்று கேட்டார். முன்னால், பெடலுக்குக் கீழே என்றேன். பின்னால்? பின்னால் விறைப்பாக இருந்தது என்றேன். திரும்பத் திரும்ப இதையே கேட்டார். பிறகு ஈசி சேரைத் திருப்பச் சொன்னார்.

"தண்ணி எங்க தேங்கி நிக்குதோ அங்க கோளாறு இருக்காது. அதுக்குக் கீழ எங்கயோ அடைச்சிருக்கும். செயினு முன்னால தேங்குது. அப்பன்னா அது திரும்பிப் போற வழில அடைப்பு. குஞ்சு தேங்குன எடத்துல வெட்டிட்டுப் போயிட்டான்."

திரும்பிப் போகிற வழி என்றால் அந்தக் கறுப்புக் குழாய். டார்ச் அடித்துப் பார்த்தோம். சுத்தமாக இருந்தது. முதல் நாள்தான் கழுவியாயிற்றே. அடைத்தது எது, எங்கே வந்து சேர்ந்தது என்று கண்டுபிடிக்க வேண்டுமானால் திரும்பத் தார் ரோட்டில் ஓட்ட வேண்டும். கனக்கத் தொடங்குகிற இடத்திலேயே நிறுத்திப் பார்க்க வேண்டும். பூட்டிக்கொண்ட பிறகு பார்த்துப் பிரயோசனம் இல்லை. தண்ணீர் வராவிட்டால் தலைப்பில் தொடங்கிக் கடைசி வரைக்கும் கரையோடு நடந்து பார்ப்பார்கள் லஸ்கர்கள், எங்கே ஓட்டம் குறைகிறது என்று. அது மாதிரி. ஆனால் அவர் காலுக்குக் கனமும் தெரியாது, லேசும் தெரியாது. தெரிந்திருந்தால் திங்கட்கிழமையே நிறுத்தியிருப்பார்.

"உணர்ச்சி உள்ள காலு வேணும்" என்றார்.

நான் உட்கார்ந்து பார்த்தேன். நான் குள்ளம், பெடல் எட்டவில்லை. முன்குழாயைக் குறுக்கினால் செயின் அளவு மாறிவிடும், அப்புறம் எது கோளாறு என்று தெரியாது என்றார். குஞ்சிதபாதமும் என் உயரம்தான். அடுக்களையில் செவ்வந்தி பாத்திரம் தேய்க்கிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

அவள் கையைச் சுடிதாரில் துடைத்துக்கொண்டே வந்தாள். கொல்லை வழியாக இல்லை, நேராக. அவளும் உயரம்தான், பரிதிக்குத் தோளுக்கு மேல் இருப்பாள். துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு இருக்கையில் உட்கார்ந்தாள். பெடலில் கால் சரியாக எட்டியது.

"என்ன பாக்கணும் மாமா?"

"எங்க இழுக்குதுன்னு பாக்கணும்மா. இழுக்க ஆரம்பிச்ச ஒடனே நிப்பாட்டிடு."

நாங்கள் இரண்டு பேரும் போனோம். அவள் மிதித்தாள், நான் பக்கத்தில் நடந்தேன். தெருவில் லேசாக இருக்கிறது அத்தை என்றாள். தார் ரோட்டில் ஏறினோம். பார்க்கிறவர்கள் பார்த்தார்கள். மூன்று மாதம்கூட ஆகவில்லை, இதென்ன சைக்கிள் சவாரி என்று பிறகு ஒருத்தி சொன்னதாகக் கேள்விப்பட்டேன். சொல்லட்டும்.

பங்குனி மாதம் எங்கள் ரோடு எப்படி இருக்கும் என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். சம்பா அறுத்த வயலில் உளுந்தும் பயறும் விதைத்திருப்போம். அது விளைந்ததும் செடியோடு பிடுங்கி வந்து தார் ரோட்டில் பரப்பிவிடுவார்கள். போகிற வருகிற பஸ்ஸும் லாரியும் ஏறி ஏறி உளுந்து உதிர்ந்துவிடும். தனியாகக் களம் வேண்டாம், அடிக்க ஆள் வேண்டாம். ரைஸ் மில்லிலிருந்து புளியமரம் தாண்டி வரைக்கும் அங்கங்கே பரப்பி வைத்திருந்தார்கள். வருடா வருடம் நாங்கள் எல்லோரும் அதன் மேல்தான் சைக்கிள் ஓட்டுகிறோம். அது எங்களுக்கு ரோட்டின் நிறம் மாதிரி. அதை ஒரு காரணமாக யாரும் நினைக்கவே இல்லை.

முதல் பரப்பைத் தாண்டியதும் செவ்வந்தி, "இப்ப லேசா கனக்குது" என்றாள். இரண்டாவது பரப்பின் நடுவில் நிறுத்திவிட்டாள். இழுக்கிறது என்றாள். இரண்டு பேரும் குனிந்தோம். உட்காருகிற இடமே தாழ்வு, செயின் அதற்கும் கீழே, செடி மேலேயே உரசிக்கொண்டு போகிறது. பெடலிலிருந்து திரும்பிப் போகிற செயின் குழாய்க்குள் நுழைகிற வாயில் எலிவால் மாதிரி ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. அவள் தலையிலிருந்து ஹேர்பின்னை எடுத்துக் கொக்கி போட்டு இழுத்தாள். வந்தது, வந்துகொண்டே இருந்தது. ஒரு சாண் நீளத்துக்கு உளுந்துக் கொடியும் நெற்றும் திரித்த கயிறு மாதிரி. இரண்டு பரப்புக்கே இவ்வளவு என்றால் பத்துப் பரப்புக்கு எவ்வளவு இருக்கும். குஞ்சிதபாதம் கொட்டிய கிரீஸ் ஞாபகம் வந்தது.

அவள் அதைக் கையில் வைத்துப் பார்த்தாள். எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவளுக்கும் வரவில்லை.

வீட்டுக்குத் திரும்பலாம் என்றேன். அவள் ஹேர்பின்னைப் பல்லில் கடித்துக்கொண்டாள்.

"இன்னும் கொஞ்சம் போயிப் பாக்குறேன் அத்தை."

போய்விட்டாள். புளியமரம் தாண்டி வளைவில் அந்தத் தாழ்ந்த சைக்கிள் மறைந்தது. நான் ரோட்டோரத்தில் நின்றேன். அந்தப் பரப்புக்குச் சொந்தக்காரி தஹ்மீனா கையில் முள்வாரியோடு வந்தாள். என் செடியை ஏன் கிண்டுகிறீர்கள் என்று சண்டைக்குத்தான் வந்தாள், விஷயத்தைச் சொன்னதும் நின்றுவிட்டாள். போனது யார் என்று கேட்டாள். மருமகள் என்றேன். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் வளைவையே பார்த்தோம். பிறகு அவள், ஓரமாக இரண்டு முழம் ஒதுக்கி வாரிவிடுகிறேன், லஸ்கர் அதில் போகட்டும், அதற்கு மேல் கேட்காதீர்கள், எனக்கும் உளுந்து உதிர வேண்டாமா என்றாள். அதுவே பெரிசு என்றேன்.

செவ்வந்தி வர முக்கால் மணி நேரம் ஆயிற்று. தலைப்புப் பாலம் வரைக்கும் போயிருக்கிறாள். முகம் வெயிலில் கறுத்திருந்தது, முடி கலைந்திருந்தது. மடியில் அந்தக் கொடித் திரியைக் குவியலாக வைத்திருந்தாள், ஒவ்வொரு பரப்புக்கும் இறங்கி இறங்கி எடுத்திருக்கிறாள். அதை அப்படியே கொண்டுபோய் மாமனாருக்கு முன்னால் தரையில் போட்டாள்.

"ஏழு எடத்துல அடைச்சுது மாமா. எடுத்துட்டா ஓடுது. ஒங்க காலுல ஒண்ணும் இல்ல."

அவர் ஒரு கொடியை எடுத்து விரலால் நசுக்கிப் பார்த்தார். மதகில் செத்தை அடைத்தால் எடுப்பதுதான் அவருக்கு வேலையே. முப்பத்துநான்கு வருடம் அதைத்தான் எடுத்தேன், இதில் தேடவில்லை என்றார். அதற்குள் செவ்வந்தி முகம் கழுவக் கொல்லைக்குப் போயிருந்தாள். வெகுநேரம் கழுவினாள். நான் போய்ப் பார்க்கவில்லை.

சனிக்கிழமை குஞ்சிதபாதம் வந்து கதையைக் கேட்டார். மாவாட்ட வேண்டியதைச் செயினில் போட்டு ஆட்டியிருக்கிறீர்களே அண்ணே, என்னைக் கூப்பிட்டிருக்க வேண்டாம், வடைக்காரனைக் கூப்பிட்டிருக்கலாம் என்றார். அவருக்குச் சிரிக்க ஒரு சாக்கு வேண்டியிருந்தது. பிறகு உட்கார்ந்து ஒழுங்காக வேலை பார்த்தார். இரண்டு புது பல்தேய்க்கும் பிரஷ்ஷை வாங்கி வரச் சொல்லி, பிடியை வெட்டிவிட்டு, குழாய் வாயில் மேலும் கீழுமாக வைத்துக் கம்பியால் கட்டினார். செயின் அந்த முடிகளுக்கு நடுவில் உரசிக்கொண்டு உள்ளே போகும், கொடி வெளியில் நின்றுவிடும். மதகு வாயில் செத்தைக்குக் கம்பி வைக்கிற மாதிரிதான், இவர்தான் அந்த யோசனை சொன்னார். சாயங்காலம் தார் ரோட்டில் புளியமரம் வரைக்கும் போய் வந்தார். இரண்டு கொடி பிரஷ்ஷில் மாட்டி நின்றது. உள்ளே ஒன்றும் இல்லை. பதினைந்து நிமிடத்துக்கு ஒரு தடவை நிறுத்திப் பெடலைக் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும் என்று செவ்வந்தி அவருக்குச் சொல்லியிருக்கிறாள். கால் சொல்லாது, கை சொல்லும்.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரைக்கு இளவழகன் குட்டியானையோடு வந்துவிட்டான். அவனுக்கு யாரும் வர வேண்டாம் என்று சொல்லவில்லை. நான்தான் சொல்லியிருக்க வேண்டும். கயிறும் சாக்கும் எடுத்துக்கொண்டு நேராகக் கூடத்துக்கு வந்தான். தூணுக்கும் டிவிக்கும் நடுவில் வெறும் தரை. செவ்வந்தி அங்கேதான் பெருக்கிக்கொண்டிருந்தாள்.

"எங்கடி சைக்கிளு?"

"மாமா எடுத்துக்கிட்டுப் போயிருக்காரு."

"எப்ப வருவாரு?"

"தெரியலண்ணே. சாப்புடு, இட்லி இருக்கு."

அவன் என்னைப் பார்த்தான். நான் தட்டு எடுக்கப் போனேன். அவன் ஒன்பதரை வரைக்கும் இருந்தான். கயிற்றைச் சுருட்டி மடியிலேயே வைத்துக்கொண்டு இட்லி சாப்பிட்டான். போகும்போது, வண்டி வெறும் வண்டியாகத் திரும்புகிறது, தேங்காய் இருந்தால் பத்துப் போடுங்கள் என்றான். போட்டேன்.

அவன் போன பிறகு இவர் போன் செய்தார். பாலத்தில் இருக்கிறேன் என்றார். ஆற்றில் தண்ணீர் இல்லை, மணல்தான், ஷட்டருக்கு யாரோ பெயின்ட் அடித்திருக்கிறார்கள் என்றார். கால் எப்படி என்று கேட்டேன். தெரியவில்லை என்றார். சரி என்றேன். போனை வைத்துவிட்டு அடுக்களைக்குப் போனேன். செவ்வந்தி கூடத்தின் வழியாகவே வந்தாள், துடைப்பத்தை மூலையில் சாத்தினாள், எனக்கும் தனக்கும் இட்லி வைத்தாள். இரண்டு பேரும் சாப்பிட்டோம். பரவாயில்லை, சாப்பிட முடிந்தது.

இவ்வளவுதான் நடந்தது. இப்போது இரண்டு வாரமாக தினமும் போகிறார். பிரஷ் முடி சீக்கிரம் தேய்ந்துவிடுகிறது. உங்களில் யாராவது இந்த மாதிரிச் சாய்வு சைக்கிள் வைத்திருக்கிறீர்களா? செயின் குழாய் வாயில் தூசியும் தழையும் நுழையாமல் இருக்க என்ன செய்கிறீர்கள்? தோல் துண்டு, ரப்பர், எதை வைத்தால் நாள்பட நிற்கும்? இன்னொன்றும் கேட்க வேண்டும். ஆள் போன பிறகு அவர் அனுப்பிய சாமான் வந்து சேர்ந்த வீடுகள் இருக்கும். அதை நீங்கள் என்ன செய்தீர்கள், வைத்திருந்தீர்களா, கொடுத்துவிட்டீர்களா, எடுத்துப் புழங்க எத்தனை நாள் ஆயிற்று என்று எழுதுங்கள். இரண்டு வரியாக இருந்தாலும் சரி. எல்லாவற்றையும் படிக்கிறேன், செவ்வந்திக்கும் படித்துக் காட்டுகிறேன்.